ஒலிகோடென்ட்ரோகிளியோமா கிரேடு 2-ன்னு ரிப்போர்ட் வந்திருக்கு, அவுக திரும்ப கடலுக்கு போகலாமா?

தங்கச்சிமடம்_வீடு

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல அவுகளுக்கு 39 வயசு, நாட்டுப்படகு தொழில், வல்லத்துல பங்குக்கு போறாக. வாடைக்காத்து சமயத்துல வலை இழுக்கும்போது வலது கை தானா வெட்டி வெட்டி இழுத்துருக்கு, அப்புறம் நினைவு தப்பி விழுந்துட்டாக, பக்கத்துல நின்னவரு சட்டையப் புடிச்சதால தண்ணிக்குள்ள போகல. கரையில கொண்டாந்து கையில இரும்புச்சாவி குடுத்தாங்களாம், ஒரு பெரியவரு ஏர்வாடி தர்காவுக்கு கூட்டிட்டுப் போய் தங்க வைங்கன்னாரு. அவரு அப்படிச் சொன்னதுக்கும் காரணம் இருக்கு, ஒரு வருஷத்துக்கு மேலயே அவுக பழைய ஆளா இல்ல, சின்ன விஷயத்துக்கு கத்துறது, ஏலக் காசு கணக்கு மறக்குறது, புள்ளைக கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டாக, சும்மா உக்காந்தே இருப்பாக. நாங்க யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னுகூட பேசிக்கிட்டோம்.

ராமநாதபுரத்துல ஸ்கேன் எடுத்து மதுரையில ஆப்பரேஷன் முடிஞ்சது. இடது பக்கம் முன்மூளையில கட்டி, முக்கால்வாசி எடுத்தாச்சு, மிச்சம் பேச்சு வர்ற இடத்தையும் கைய அசைக்கிற இடத்தையும் ஒட்டி இருக்கு அதத் தொடலன்னு சொன்னாங்க. பயாப்ஸில ஒலிகோடென்ட்ரோகிளியோமா கிரேடு 2. கரண்ட் (ரேடியேஷன்) வைக்கணும் மாத்திரை கீமோவும் வரலாம்னு சொல்லியிருக்காங்க. டாக்டர் நல்லாத்தான் பேசினாரு ஆனா வெளிய ஐம்பது பேரு நிக்கிறாங்க, கேக்க நெனச்சது பாதி வாயில வரல.

இது கேன்சரா இல்லையா? எத்தனை வருஷம்? அவுக கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், விசைப்படகுக்குத் தடைக்காலம் வந்தா நாட்டுப்படகுக்குத்தான் மீனு வெலை கூடும், அதுக்குள்ள நான் தொழிலுக்கு போயிருவேனான்னு. ரெண்டு புள்ளைக இருக்கு, படகு மொதலாளி சம்மாட்டிகிட்ட முன்பணம் வாங்கினதும் இருக்கு. தெரிஞ்சவங்க மறைக்காம சொல்லுங்க.

மண்டபம்_சிஸ்டர்

அக்கா, நான் மதுரையில நியூரோ வார்டுல வேலை பாத்தவ. டாக்டர் இல்ல, அத மனசுல வச்சிட்டு படிங்க.

கேன்சர் வகைதான், மறைக்கிறதுல ஒரு லாபமும் இல்ல. ஆனா கேன்சர்னா நம்ம ஊருல உடனே மனசுல வர்ற படம் இருக்குல்ல, அது இதுக்குப் பொருந்தாது. மூளைக் கட்டிகள்லயே மெதுவா வளர்ற கூட்டத்துல இது ஒண்ணு, மருந்துக்கும் கரண்டுக்கும் நல்லா கேக்கும். மூளைய விட்டு நுரையீரல் கல்லீரல்னு வேற இடத்துக்குப் போறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா மூளைக்குள்ளயே நல்ல செல்லுக்கு நடுவுல ஊடுருவி நிக்கும். பாசி வலைக்கண்ணுல சிக்கிக் கெடந்தா முழுசா உருவணும்னு இழுத்தா வலையே கிழியும்ல, அதனாலதான் பேச்சுப் பக்கத்துல இருந்தத விட்டு வச்சிருக்காங்க. அரைகுறை ஆப்பரேஷன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

செய்வினைன்னு நெனச்சீங்களே, முன்மூளைதான் மனுஷனோட கோவத்த அடக்குறது, ஒரு வேலையத் தானா ஆரம்பிக்க வைக்கிறது, கணக்கு வச்சிக்கிறது எல்லாம். அங்க கட்டி இருந்தா ஆளு மாறத்தான் செய்வாரு. கட்டி வருஷக்கணக்கா மெதுவா வளந்துருக்கும், வலிப்பு வந்தப்புறம்தான் வெளிய தெரிஞ்சிருக்கு. இந்த வகைக் கட்டி இருக்கவங்கள்ல பாதிக்கு மேல பேருக்கு முதல்ல வர்றதே வலிப்புதான். 30, 40 வயசுக்காரங்களுக்குத்தான் அதிகமா வரும், அதனாலயே குடும்பம் ஆடிப்போயிரும்.

இப்ப முக்கியமான விஷயம், ரிப்போர்ட்ட எடுத்து வச்சிட்டு ரெண்டு வார்த்தை தேடுங்க. ஒண்ணு ஐடிஹெச் மியூட்டன்ட், கட்டியோட ஒரு ஜீன்ல வந்த மாற்றம் அது. இன்னொன்னு 1பி 19கியூ கோடெலிஷன், 1, 19-ன்னு ரெண்டு குரோமோசோம்லயும் ஒரு பக்கத் துண்டு சேந்தே காணாமப் போயிருக்கறது. முன்னாடியெல்லாம் மைக்ராஸ்கோப்புல செல்லோட உருவத்தப் பாத்தே பேரு வச்சிருவாங்க, 2016-ல உலக சுகாதார நிறுவனம் விதிய மாத்திருச்சு, இந்த ரெண்டு மாற்றமும் இருந்தாத்தான் ஒலிகோடென்ட்ரோகிளியோமா. ஐடிஹெச் மட்டும் இருந்து மத்தது இல்லன்னா பொதுவா அது அஸ்ட்ரோசைட்டோமாங்கிற வேற வகைக் கட்டி, பக்கத்து வீடு மாதிரி தெரிஞ்சாலும் போக்கு வேற. 1பி 19கியூ டெஸ்ட் எல்லா லேபுலயும் பண்ண மாட்டாங்க, ரிப்போர்ட்ல அந்த வரியே இல்லன்னா ஆப்பரேஷன் பண்ண இடத்துல மெழுகு பிளாக்க, அதாவது மெழுகுல பதிச்சு வச்சிருக்க கட்டித் துண்ட, எழுதிக் குடுத்து வாங்கி வெளிய அனுப்பலாம், பிளாக் கேக்குறது உங்க உரிமைதான், தயங்காம கேளுங்க. வேற பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெண்டாவது கருத்துக்குப் போனாலும் முதல்ல அதத்தான் கேப்பாங்க.

எத்தனை வருஷம்னு கேட்டீங்க. தனி ஒருத்தருக்கு யாரும் சொல்ல முடியாதுக்கா, சொன்னா நம்பாதீங்க. ஆனா ஒரு அளவு தெரியணும்ல. 2013-ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு, அதுல இதைவிட ஒரு படி வேகமான கிரேடு 3 ஆளுங்க, ரெண்டு குரோமோசோம் மாற்றமும் இருந்தவங்கள்ல கரண்ட் மட்டும் வச்சவங்களோட நடு அளவு சுமார் 7 வருஷம், கூட பிசிவிங்கிற மூணு மருந்து கீமோவும் வாங்கினவங்களுக்கு 14-க்கு மேல. நடு அளவுன்னா பாதிப்பேரு அதத் தாண்டியும் இருந்தாங்கன்னு அர்த்தம். உங்க வீட்டுக்காரருக்கு கிரேடு 2. மிச்சம் கட்டி இருக்கதால சும்மா பாத்துட்டு இருக்காம கரண்டும் கீமோவும் சொல்லியிருப்பாங்க, அது வழக்கமான முடிவுதான்.

பாம்பன்_பாலம்

அக்கா பயப்படாதீங்க, எங்க மாமாவுக்கு சின்ன வயசுலருந்து ஃபிட்ஸ், மாத்திரை போட்டுட்டு இன்னைக்கும் கடலுக்குப் போறாரு, ஒண்ணும் ஆனதில்ல. எங்க சொந்தத்துல ஒருத்தரு நாட்டு வைத்தியர்கிட்ட லேகியம் வாங்கி கட்டியே கரைஞ்சிருச்சு. கரண்ட் வச்சா மூளை வெந்துரும்னு சொல்றாங்க யோசிச்சு பண்ணுங்க

கீழக்கரை_காக்கா

தம்பி பாம்பன், நல்ல மனசுலதான் சொல்றீங்க, ஆனா எழுதுறதுக்கு முன்னாடி யோசிக்கணும், இத அந்தப் புள்ள ராத்திரி தனியா உக்காந்து படிக்கும். கரைஞ்சிருச்சுன்னா முன்னாடி எடுத்த எம்ஆர்ஐயும் பின்னாடி எடுத்ததும் இருக்கா? எனக்கும் இதே கட்டிதான், ஒலிகோ, என்னோடது கிரேடு 3. மூளையெல்லாம் வேகல, அல்ஹம்துலில்லாஹ், உக்காந்து தமிழ்ல டைப் பண்ணிட்டு இருக்கேன்.

தங்கச்சி, நான் துபாய்ல கடை பாத்துட்டு இருந்தேன், 2013-ல கல்லாவுலயே வலிப்பு வந்து விழுந்தேன். ஊருக்கு வந்து ஆப்பரேஷன் பண்ணேன், எனக்கும் பேச்சு இடத்த ஒட்டித்தான், அதனால நடுவுல முழிக்க வச்சே பண்ணாங்க. கேக்க பயமா இருக்கும், மூளைக்கு வலி தெரியாது, படத்தக் காட்டி இது என்ன அது என்னன்னு கேட்டுட்டே எடுப்பாங்க, வாய் குழறினா அந்த இடத்துல நிறுத்திருவாங்க. அப்புறம் கரண்ட், அப்புறம் பிசிவி. நடுவுல ஒரு தடவ திரும்ப வளந்துச்சு, அதுக்கு டெமோசோலமைடுங்கிற கீமோ மாத்திரை சாப்பிட்டேன், இப்ப அடங்கி நிக்குது. போயிருச்சுன்னு எந்த டாக்டரும் சொல்லல, நானும் சொல்ல மாட்டேன். என்னைய வச்சு உங்க மாப்பிள்ளைக்கும் இப்படியே நடக்கும்னு கணக்குப் போட வேணாம், ஆனா இப்படியும் நடக்குதுன்னு தெரிஞ்சிக்கங்க.

கரண்ட் பத்தி சொல்றேன். வலிக்காது. தலைக்கு அளவெடுத்து ஒரு முகமூடி செய்வாங்க, அதப் போட்டு மேஜையோட மாட்டிருவாங்க, மூச்சு முட்டுற ஆளுக்கு அதுதான் கஷ்டம், முன்னாடியே சொல்லிட்டா உதவி பண்ணுவாங்க. சனி ஞாயிறு லீவு போக வாரத்துல அஞ்சு நாள்னு ஆறு வாரம் வரைக்கும் போகும், தெனமும் தங்கச்சிமடத்துலருந்து மதுரைக்கு போய் வர முடியாது, தங்க இடம் இப்பவே பாருங்க. வைக்கிற இடத்துல முடி கொட்டும். முடிஞ்சு சில வாரம் கழிச்சு ஒரு அசதி வரும் பாருங்க, பகல்லயும் தூங்கிட்டே இருப்பாரு, அப்ப கட்டி திரும்ப வந்துருச்சுன்னு எங்க வீட்ல அழுதுட்டாங்க. முதல் ஸ்கேன்ல வீங்கின மாதிரி கூட காட்டலாம், அது கரண்டோட வேலையாவும் இருக்கும், ஒரே ஸ்கேன வச்சு முடிவு பண்ணிராதீங்க.

ஸ்டெராய்டு குடுத்திருப்பாங்க, டெக்ஸாமெத்தசோன்னு பேரு போட்டிருக்கும். வீக்கத்த எறக்கும், ஆனா பசி அள்ளும், தூக்கம் போயிரும், சுகர் ஏறும். பேதியானாலும் மாத்திரை தீர்ந்தாலும் அதச் சட்டுனு நிறுத்தக் கூடாது, டாக்டரு சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்.

கோவம் பத்தி எழுதியிருந்தீங்க. கட்டியும் ஒரு காரணம், வலிப்பு மாத்திரை லெவெடிராசெட்டம் இருக்கு பாருங்க அதுவும் சிலருக்கு கோவத்தக் கிளப்பும். என் பொண்டாட்டி ஒரு வருஷம் பொறுத்துப் பொறுத்துப் போனா, அப்புறம் அவளே டாக்டர்கிட்ட தனியா சொன்னதுல வேற மாத்திரைக்கு மாத்தினாரு, வீடே மாறிருச்சு. நோயாளிக்குத் தன் கோவம் தெரியாது தங்கச்சி, நீங்கதான் சொல்லணும். அதுக்காக மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க, நிறுத்தினா அன்னைக்கே கூட வலிப்பு வரும்.

தர்காவுக்குப் போகணும்னு மாமியார் ஆசப்பட்டா போய் துஆ கேட்டுட்டு வாங்க, எங்க உம்மாவும் எனக்காகப் போனவதான், நான் தப்பு சொல்ல மாட்டேன். மாத்திரைய பையில எடுத்துட்டுப் போங்க, நேரத்துக்குக் குடுங்க, அங்க விட்டுட்டு மட்டும் வராதீங்க. நான் நோன்புகூட விட்டுட்டேன், மாத்திரை நேரம் தப்பக் கூடாதுன்னு, நாளைக்கு ஒரு ஏழைக்கு சாப்பாடுன்னு ஃபித்யா குடுக்குறேன், மார்க்கத்துலயே அதுக்கு எடம் இருக்கு.

வேதாளை_வல்லம்

தங்கச்சி நானும் வல்லக்காரன்தான், மருத்துவம் தெரியாது, கடலப் பத்தி மட்டும் பேசுறேன். இப்போதைக்கு ஏத்தாதீங்க. அவரு முகத்தப் பாத்து சம்மாட்டி ஏத்திக்குவாரு, கூட்டாளிகளும் ஏத்திக்குவாங்க, அதுதான் ஆபத்து. ஒருத்தனுக்கு படகு முன்பக்கம் அணியத்துல வலிப்பு வந்தா மத்த மூணு பேரும் வலைய விட்டுட்டு அவனப் புடிக்கணும், எஞ்சின் ஓடுது, விசிறி சுத்துது, காலுல கயிறு கெடக்கு. தண்ணில விழுந்துட்டா வலிப்பு வந்தவன் கத்த மாட்டான், கைய கால அடிச்சிட்டு மேல வரமாட்டான், அப்படியே இறங்கிருவான். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிறேன்னு சொல்லுவாரு, நம்மாளுக போடுற மெத்தை மாதிரி சட்டை பாதிக்குப் பாதி மிதக்க வைக்குமே தவிர மயங்கின ஆள முகம் மேல பாக்கத் திருப்பாது, அதுக்கு கழுத்துப் பட்டை வச்ச சரியான ஜாக்கெட் வேற.

இன்னொன்னு, நம்ம தொழிலே வலிப்புக்கு ஆகாத தொழில். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கணும், தூக்கம் கெடும், வெறும் வயித்துல போறோம், வெயில், வாந்தி வந்தா மாத்திரையும் வெளிய வந்துரும், கரை ஏறினா சில பேரு குடிக்கிறாங்க. பாம்பன் தம்பி மாமாவுக்கு ஒண்ணும் ஆகலன்னா சந்தோஷம்ப்பா. ஆகிப்போன வீடும் இந்தக் கரையில இருக்கு.

ஆனா தொழில விட்டுருன்னு சொன்னா ஆம்பள செத்துருவான் அதுவும் தெரியும். அவருகிட்ட சொந்த வலை இருந்தா வித்துராதீங்க. எங்க பக்கம் வலைக்குத் தனிப் பங்கு உண்டு, உங்க சம்மாட்டிகிட்டயும் பேசிப் பாருங்க, வேற ஆளு கொண்டு போய் வலை போட்டாலும் அந்தப் பங்கு உங்க வீட்டுக்கு வரும். வலை கட்டுற கை இருந்தா கரையிலயே வேலை இருக்கு, வலது கை எவ்வளவு வருதுன்னு பாத்துக்கிட்டு ஈயம் கோக்குறது, நண்டு வலையில நண்டு எடுக்குறது, ஏலத்துல நின்னு எடை பாக்குறதுன்னு. கணக்கு மறதின்னு சொன்னீங்க அதனால காசு கைல குடுக்குற வேலை மட்டும் வேணாம். கரையிலயும் தனியா குளிக்க இறங்க விடாதீங்க, முழங்கால் தண்ணின்னாலும். நீங்க பாசி எடுக்கப் போற ஆளா இருந்தா அவர காவலுக்குன்னு கூட்டிட்டுப் போகாதீங்க, தண்ணியப் பாத்தா இறங்கிருவாரு.

மண்டபம்_சிஸ்டர்

வேதாளை அண்ணன் சொன்னதுல ஒரு வரிகூட நான் மாத்த மாட்டேன். எப்ப போகலாம்னு நியூரோ டாக்டர்தான் சொல்லணும், வலிப்பே இல்லாம நீண்ட நாள் ஓடினப்புறம் பேசுற விஷயம் அது, கட்டி மிச்சம் இருக்கவரைக்கும் பழைய மாதிரி ஆழக்கடல்னு நெனைக்கவே வேணாம். பைக்கும் அதே மாதிரிதான், லைசென்ஸ் விண்ணப்பத்துலயே வலிப்பு இருக்கான்னு கேக்குறாங்க.

வலிப்பு வந்தா என்ன செய்யணும்னு வீட்ல புள்ளைகளுக்கும் சொல்லிக்குடுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், கழுத்துப் பட்டன தளத்தணும், தலைக்குக் கீழ துண்டு, மணி பாக்கணும். வாய்க்குள்ள துணியோ கரண்டியோ தண்ணியோ எதுவும் போகக் கூடாது. சாவி குடுத்தா நிக்காது, பெரும்பாலான வலிப்பு ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நிக்கிற நேரத்துக்கு சாவியும் கைக்கு வருது, பேரு சாவிக்குப் போயிருது. அஞ்சு நிமிஷம் தாண்டினாலும், நினைவு வர்றதுக்குள்ள அடுத்தது வந்தாலும் 108-க்கு அடிங்க. மூக்குல அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே ஒண்ணு இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கி வீட்ல வச்சிக்கங்க, தீவுலருந்து வண்டி பாலம் தாண்டி வர்ற நேரத்துக்கு அது உதவும்.

பணம். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, வருஷ வருமானம் 1.20 லட்சத்துக்குள்ள இருக்கணும், விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி ரேஷன் கார்டோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்க மையத்துல அட்டை போடலாம். கரண்டுக்கும் கீமோவுக்கும் இதுல எடம் இருக்கு, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல அனுமதி எழுதச் சொல்லுங்க. ரயில்ல கேன்சர் நோயாளிக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் சிகிச்சைக்குப் போக சலுகை உண்டு, அதுக்குன்னு ஒரு படிவம், ஆஸ்பத்திரில கையெழுத்து வாங்கணும். இப்பத்தான் புதுப் பாலத்துல ரயில் ஓடுதே.

இன்னும் குழந்தை வேணும்னு யோசனை இருந்தா கீமோவுக்கு முன்னாடியே சொல்லிருங்க, விந்தணு எடுத்து வைக்க வழி இருக்கு. இத வெக்கப்பட்டு நிறைய பேரு கேக்குறதில்ல.

தங்கச்சிமடம்_வீடு

எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கீங்க, அவுகளுக்குப் படிச்சுக் காட்டினேன். வலைப்பங்கு விஷயத்துக்கு மட்டும் நிமிந்து உக்காந்தாக, வேதாளை அண்ணன் யாருன்னு கேட்டாக. பைபர் வல்லமா மரமான்னும் கேக்கச் சொன்னாக.

ரிப்போர்ட்ல ஐடிஹெச் மியூட்டன்ட்னு இருக்கு சிஸ்டர், 1பி 19கியூ வரி இல்ல. பிளாக் கேட்டு மனு எழுதிட்டேன். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அமெரிக்காவுல புது மாத்திரை வந்திருக்கு, ஆப்பரேஷனுக்குப் பதிலா அதப் போட்டாப் போதும்னு வாட்ஸப்புல அனுப்பியிருக்கான், அது உண்மையா? அப்புறம் வார்டுல பக்கத்து பெட் அம்மா கீமோன்னா கருவாடு தொடவே கூடாதுன்னாங்க. எங்க வீட்ல கருவாடு இல்லாம சோறு எறங்காது, உண்மையா?

கீழக்கரை_காக்கா

மாத்திரை உண்மைதான் தங்கச்சி, வொராசிடெனிப்னு பேரு, 2024 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. ஆனா ஆப்பரேஷனுக்குப் பதில் இல்ல, ஆப்பரேஷனுக்கு அப்புறம்தான். கிரேடு 2, ஐடிஹெச் மாற்றம் இருக்கவங்க, உடனே கரண்ட் தேவையில்லாதவங்க, அவங்களுக்கு. ஆய்வுல மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு கட்டி வளர 11 மாசம்னா இதச் சாப்பிட்டவங்களுக்கு 27 மாசத்துக்கு மேல தள்ளிப் போச்சு. தள்ளிப்போடுது, கரைக்கல. வெலை நம்ம கணக்குக்கு வராது. உங்க மாப்பிள்ளைக்கு இது பொருந்துமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க, அதுக்காக கரண்ட் தேதியத் தள்ளிராதீங்க.

வேதாளை_வல்லம்

பைபர்தான்னு சொல்லுங்க. மரம் வித்தாச்சு.

மண்டபம்_சிஸ்டர்

கருவாடு கேள்விக்கு வர்றேன். அந்தம்மா சொன்னது பாதி சரி. பிசிவில மூணு மருந்து, அதுல புரோகார்பசின்னு ஒரு மாத்திரை, அது உடம்புல டைரமின்ங்கிற பொருளக் கரைய விடாது. நாள்பட வச்ச, புளிச்ச, ஊறின சாப்பாட்டுல டைரமின் சேரும், கருவாடும் பழைய மீனும் அதுல வரும், சாப்பிட்டா தலைவலியோட பிரஷர் எகிறலாம். அந்த மாத்திரையோட சாராயம் குடிச்சா மூஞ்சி சிவந்து வாந்தி வேற. அதனால புரோகார்பசின் நாட்கள்லயும் நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் கருவாடு வேணாம், அன்னைக்குப் புடிச்ச பச்சை மீனு தாராளமா குடுங்க.

டெமோசோலமைடுன்னா இந்தக் கட்டுப்பாடு கெடையாது. அத வெறும் வயித்துல போடணும், அரை மணி முன்னாடி வாந்தி மாத்திரை, கேப்ஸ்யூல பிரிச்சுக் கரைச்சுக் குடுக்கக் கூடாது, ரத்த டெஸ்ட்டத் தவற விடக் கூடாது, அவ்வளவுதான். எது தர்றாங்கன்னு சீட்டுல பேரு பாத்து இங்க எழுதுங்கக்கா, எதுக்கு எப்ப என்ன குடுக்கணும்னு நாளக் கணக்குப் போட்டு சொல்றேன்.